வெப்சைட்ல கூட்டம் வர்ற பக்கம் வேற, காசு வர்ற பக்கம் வேற

வெப்சைட் வச்சிருக்கேன்னு சொன்னதும் யாரா இருந்தாலும் கேக்குற முதல் கேள்வி மாசம் எவ்ளோ வருது, அடுத்த கேள்வி எத்தனை பேரு பாக்குறாங்க. கூட்டத்தை சேத்துட்டா காசு தன்னால வந்துரும்ங்கிற நெனப்பு எல்லாருக்கும் இருக்கு. என் சைட்டோட கணக்கை எடுத்து பாத்தா அப்படி இல்லவே இல்ல, அதனால தான் இதை கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

என் சைட் தையல் மெஷின் பத்தினது. மெஷின் ரிப்பேர், ஊசி, நூல், எந்த வேலைக்கு எந்த மெஷின், அவ்ளோதான். அதுல எம்ப்ராய்டரி டிசைனா படம் படமா போட்ட ஒரு பக்கம் இருக்கு, சைட்டுக்கு வர்ற ஆளுங்கள்ல பெரிய பங்கு அங்க தான் போறாங்க, வர்றாங்க, படத்தை சேவ் பண்ணிக்கிறாங்க, கெளம்பிடுறாங்க. இன்னொரு பக்கம் ஜீன்ஸ், கேன்வாஸ் மாதிரி கனமான துணி தைக்க எந்த மாதிரி மெஷின் வேணும்னு எழுதினது. அதுக்கு வர்றவங்க ரொம்ப கம்மி, ஆனா மொத்த வருமானத்துல பாதிக்கு மேல அந்த ஒத்தப் பக்கம் தான் கொண்டு வருது. ஏன்னா அங்க வர்றவங்க மெஷின் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, எதை வாங்கறதுன்னு தான் தெரியல, அந்த நேரத்துல நம்ம பக்கம் அவங்க கண்ணுல படுது. வர்றவங்க மனசுல அந்த நிமிஷம் என்ன கேள்வி ஓடுதுங்கிறது தான் காசை முடிவு பண்ணுது, எத்தனை பேருங்கிறது அதுக்கு அப்புறம் தான்.

விளம்பரத்துல காசு எப்படி வருதுன்னு தெரிஞ்சா இது இன்னும் நல்லா புரியும். பெரும்பாலான ஆளுங்க ஆரம்பிக்கிறது கூகுள் ஆட்சென்ஸ்ல தான், நம்ம சைட்டுல விளம்பரம் போட்டு நமக்கு பங்கு குடுக்கிற கூகுளோட சேவை, 2003ல வந்தது, தமிழ்ல எழுதற சைட்டுகளுக்கு 2018 பிப்ரவரில கதவைத் தொறந்தாங்க. நம்ம பக்கத்தை ஒருத்தர் தொறக்கிற அந்த கண நேரத்துல அங்க இருக்கிற விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்குது, யாரு அதிகமா கேக்கிறாங்களோ அவங்க விளம்பரம் வந்து உக்காருது. அதனால பாக்கிறவர் எந்த நாட்டுல இருக்காரு, என்ன விஷயம் படிக்கிறாரு, வருஷத்துல எந்த மாசம், இதெல்லாம் சேந்து தான் ரேட்டு. இன்சூரன்ஸ், கடன், சாஃப்ட்வேர் மாதிரி விஷயத்துக்கு ஏலம் மேல போகும், ஏன்னா ஒரு கஸ்டமர் கெடைச்சா அந்த கம்பெனிக்கு பெரிய லாபம். சும்மா படம் பாக்க வந்தவர்கிட்ட விக்கிறதுக்கு யாருக்கும் பெருசா ஒண்ணும் இல்ல, அதனால ரேட்டு கீழ தான் கெடக்கும்.

இதை அளக்கிறதுக்கு ஆர்பிஎம்னு ஒரு கணக்கு இருக்கு, ஆயிரம் பேஜ்வியூக்கு, அதாவது பக்கத்தை ஆயிரம் தடவை தொறந்ததுக்கு, எவ்ளோ வந்ததுங்கிறது. 10,000 பேஜ்வியூக்கு 20 டாலர் வந்தா ஆர்பிஎம் 2 டாலர். மொத்த டிராஃபிக்கை பாத்து சந்தோஷப்படறதை விட்டுட்டு பக்கம் பக்கமா இந்த நம்பரை பாருங்க, எந்த மாதிரி பக்கம் இன்னும் எழுதணும்னு அதுவே சொல்லிடும். முன்னாடி கிளிக் பண்ணா தான் காசுன்னு இருந்தது, 2024 தொடக்கத்துல இருந்து விளம்பரம் பார்வைக்கு வந்த கணக்குல குடுக்கிறாங்க. பங்கு பிரிக்கிற முறையும் அப்ப மாறிச்சு, விளம்பரம் குடுக்கிறவங்க இடம் வாங்கறதுக்கு பயன்படுத்தற பிளாட்ஃபார்ம் தன் கட்டணத்தை எடுத்தது போக மிச்சத்துல நமக்கு 80 சதவீதம், கூகுள் வழியாவே வாங்கின விளம்பரமா இருந்தா கடைசியில பாத்தா பழைய 68 சதவீதம் பக்கத்துல தான் வந்து நிக்கும்.

கைக்கு வர்ற வழி மெதுவானது, அதை முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லது. கணக்குல 10 டாலர் சேந்ததும் வீட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அதை போட்டு அட்ரஸை உறுதி பண்ணணும். 100 டாலர் தாண்டினா தான் பேமெண்ட், அது அடுத்த மாசம் 21ல இருந்து 26 தேதிக்குள்ள அனுப்புவாங்க. 100 ஆகலைன்னா அப்படியே அடுத்த மாசக் கணக்குல சேந்துக்கிட்டே போகும். புது சைட்டுக்கு முதல் 100 டாலர் சேர்றதுக்கு பல மாசம் ஆகிறது ரொம்ப சாதாரணம், அதுக்காக மனசு ஒடிஞ்சு விட்டுட்டு போனவங்க எனக்குத் தெரிஞ்சே நெறைய பேரு இருக்காங்க, அதுல சிலர் என்னை விட நல்லா எழுதறவங்க, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம் தான்.

ஆட்ஸ் போட்டதும் நண்பர்களை கூப்பிட்டு கிளிக் பண்ண சொல்றது, தன் சைட்டுல தானே கிளிக் பண்றது, இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. செல்லாத கிளிக்னு அதை கண்டுபிடிக்கிறதுக்குன்னே அவங்ககிட்ட தனி ஏற்பாடு இருக்கு, அக்கவுண்ட்டை மூடிட்டாங்கன்னா சேந்த காசும் போயிடும், திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம்.

சரி, எதைப் பத்தி எழுதறது. எதுல காசு அதிகம்னு தேடி அதுல எறங்கறது தான் எல்லாரும் செய்யறது, இன்சூரன்ஸ்ல ரேட்டு ஜாஸ்தின்னு கேள்விப்பட்டு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க எழுத ஆரம்பிக்கிறாங்க. அந்த இடத்துல ஏற்கனவே பெரிய பெரிய கம்பெனிங்க ஒரு டீமே வச்சு எழுதறாங்க, அவங்களைத் தாண்டி நம்ம பக்கம் தெரியறது நடக்காத காரியம். அதைவிட முக்கியமா, நமக்கு கைப்பழக்கம் இல்லாத விஷயத்துல படிக்கிறவரோட அடுத்த கேள்வி என்னன்னு நமக்கு தெரியாது, தெரியாதபோது எல்லா சைட்டும் எழுதினதையே நாமளும் எழுதுவோம்.

ஒரு உதாரணம் சொல்றேன். மெஷின்ல தைக்கும்போது துணிக்கு அடியில நூல் கொத்துக் கொத்தா சிக்கிக்கும். இதைத் தேடறவங்க முக்கால்வாசி பேரு அடியில சிக்குறதால அடி நூல்ல தான் கோளாறுன்னு நெனச்சு அடி நூல் சுத்தி வைக்கிற பாபினை கழட்டி கழட்டி மாட்டிக்கிட்டு இருப்பாங்க, அது பத்தி எழுதின பல பக்கமும் பாபினை க்ளீன் பண்ணுங்க, எண்ணெய் போடுங்கன்னு தான் ஆரம்பிக்கும். பெரும்பாலும் கோளாறு மேல் நூல்ல இருக்கும். துணியை அழுத்தற ஃபுட்டை கீழ எறக்கி வச்சுக்கிட்டே நூல் கோத்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் மூடியிருக்கும், நூல் உள்ள போய் உக்காராது, மேல் நூல் லூஸாகி முழுக்க கீழ போய் சேந்துரும். ஃபுட்டைத் தூக்கி வச்சு முதல்லேர்ந்து கோத்தா பாதி கேஸ் அங்கயே தீந்துரும். அதுக்கும் சரியாகலைன்னா ஊசியோட தட்டைப் பக்கம் சரியான திசைல இருக்கான்னு பாக்கணும், அப்புறம் துணிக்கு ஏத்த நம்பர் ஊசியான்னு பாக்கணும், மெல்லிசு துணிக்கு 11, சாதாரண துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16. இந்த வரிசை முக்கியம், ஏன்னா படிக்கிறவர் மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு ஒரு கைல ஃபோனை வச்சு படிக்கிறாரு, அவருக்கு தையல் மெஷின் வரலாறு வேணாம், முதல்ல எதைத் தொடணும்னு தெரியணும். அந்தப் பக்கத்துல மூணு படம் போட்டிருக்கேன், ஃபுட் எறங்கி இருக்கும்போது தட்டு எப்படி இருக்கும், தூக்கினா எப்படி இருக்கும், நூல் எங்க போய் விழணும், மூணுமே நானே கிட்டக்க வச்சு எடுத்தது. வேற எங்கயும் அந்தப் படம் இல்ல. அதனாலேயே நெறைய பேரு அந்தப் பக்கத்தை லிங்க் பண்ணியிருக்காங்க, நான் யார்கிட்டயும் போய் கேக்கல.

உங்களுக்கு கைப்பழக்கம் உள்ள விஷயம் மீன் தொட்டியா இருக்கலாம், கணக்கு எழுதறதா இருக்கலாம், சின்னக் கொழந்தைக்கு படிக்கச் சொல்லிக் குடுக்கிறதா இருக்கலாம். அதுல புதுசா வர்றவங்க எங்க எங்க தடுக்கி நிக்கிறாங்கன்னு உங்களுக்கு யோசிக்காமலே தெரியும் பாருங்க, அந்தத் தடுக்கற இடம் ஒவ்வொண்ணும் ஒரு பக்கம்.

சைட் செட்டப் பண்றது பத்தி நெறைய வீடியோ இருக்கு, அதுல நான் அதிகம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. சைட் நடத்தற சாஃப்ட்வேருக்கு வேர்ட்பிரஸ் போதும், 2003ல இருந்து இருக்கு, இலவசம், உலகத்துல இருக்கிற வெப்சைட்டுகள்ல பத்துக்கு நாலு அதுல தான் ஓடுது, அதனால என்ன பிரச்சனை வந்தாலும் ஏற்கனவே யாரோ பதில் எழுதி வச்சிருப்பாங்க. சைட்டுக்கும் பாக்கிறவருக்கும் நடுவுல போறதை பூட்டி அனுப்பற எஸ்எஸ்எல்லை லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கிற அமைப்பு இலவசமா குடுக்குது, சைட்டை வச்சிருக்க இடம் குடுக்கிற ஹோஸ்டிங் கம்பெனிங்கள்ல பெரும்பாலானதுல ஒரு பட்டன் அமுக்கினா வந்துரும், அதுக்குன்னு தனியா காசு கேட்டா யோசிங்க. சைட்டோட தோற்றத்தை முடிவு பண்ற தீம் சிம்பிளா இருக்கட்டும், கூடுதலா சேக்கிற ப்ளக்இன் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது, படத்தையெல்லாம் சைஸ் கொறச்சு ஏத்துங்க, பக்கத்தோட முக்கியமான பகுதி 2.5 செகண்டுக்குள்ள வந்துரணும்னு கூகுளே ஒரு அளவு சொல்லுது. பேக்கப் ஹோஸ்டிங்லயும் இருக்கட்டும் உங்க கம்ப்யூட்டர்லயும் ஒண்ணு இருக்கட்டும்.

ஆனா டொமைன், அதாவது சைட்டோட பேரு, அந்த விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் அழுத்தி சொல்வேன். சைட் செஞ்சு குடுக்கிறவரே டொமைனையும் வாங்கிக் குடுக்கிறேன்னு சொல்லுவாரு, நல்ல மனசுல தான் சொல்லுவாரு, ஆனா அவர் அக்கவுண்ட்ல அவர் ஈமெயில்ல பதிவாகி இருந்தா அந்தப் பேரு அவரோடது தான், உங்களோடது கெடையாது. நாலு வருஷம் கழிச்சு சைட் நல்லா போகும்போது அவர் ஃபோனை எடுக்கலைன்னா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பேர்ல, உங்க ஈமெயில்ல, ரெனியூவல் ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி வாங்குங்க. முதல் வருஷ ரேட்டை பாத்து வாங்காதீங்க, ரெண்டாவது வருஷம் ரெனியூவல் எவ்ளோன்னு பாருங்க, பெரும்பாலும் அங்க தான் ஏத்தி வச்சிருப்பாங்க. டாட் காம் மாதிரி டொமைனை ஒரே தடவைல 10 வருஷம் வரைக்கும் எடுக்கலாம். கெடு முடிஞ்சு விட்டுப் போச்சுன்னா உடனே போயிடாது, கொஞ்ச நாள் சலுகைக் காலம் இருக்கும், அதுவும் தாண்டி ரிடெம்ப்ஷன்னு 30 நாள், அந்த நேரத்துல மீட்டெடுக்க தனி அபராதம் கேப்பாங்க, அதுக்கும் அப்புறம் யாரு வேணாலும் எடுத்துக்கலாம். நல்லா ஓடற சைட்டோட பேரை அப்படி எடுக்கிறதுக்குன்னே காத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க உண்டு.

எழுத ஆரம்பிச்சதும் கூகுள் சர்ச் கன்சோல்ல சைட்டை சேத்து, பக்கங்களோட பட்டியலான சைட்மேப்பைக் குடுத்துருங்க, இலவசம் தான், இதைவிட உபயோகமான டூல் எதுவும் எனக்குத் தெரியல. ஜனங்க என்ன வார்த்தை போட்டு தேடும்போது நம்ம பக்கம் தெரிஞ்சது, எத்தனை தடவை தெரிஞ்சது, எத்தனாவது எடத்துல, எல்லாம் அதுல இருக்கும். நான் அதுல முக்கியமா பாக்கிறது எட்டுல இருந்து இருபதாவது எடத்துக்குள்ள நிக்கிற கேள்விகளைத் தான். அந்தக் கேள்விக்கு நம்மகிட்ட ஏதோ கொஞ்சம் பதில் இருக்குன்னு கூகுள் நெனைக்குது, ஆனா முழுசா இல்லன்னும் நெனைக்குது. போய் பாத்தா பெரும்பாலும் அது உண்மையாவே இருக்கும், ஒரு பத்தில போற போக்குல சொல்லியிருப்பேன். அதை விரிச்சு எழுதினா, இல்ல அதுக்குன்னே தனிப் பக்கம் போட்டு பழைய பக்கத்துல இருந்து லிங்க் குடுத்தா, கொஞ்ச வாரத்துல மேல வரும். கனமான துணி பக்கமே இப்படி பொறந்தது தான், ஊசி நம்பர் பத்தின பக்கத்துல ஜீன்ஸ்னு ஒரு வார்த்தை இருந்தது, ஜீன்ஸ் தைக்க எந்த மெஷின்னு தேடினவங்களுக்கெல்லாம் அது பதினஞ்சாவது எடத்துல தெரிஞ்சுக்கிட்டு இருந்தது.

முதல் எடம் வாங்கித் தரேன்னு மெயில் அனுப்பற ஆளுங்களை நம்பாதீங்க, அப்படி யாராலயும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுள் தன்னோட வழிகாட்டிலயே எழுதி வச்சிருக்கு. அவங்க செய்யறது பெரும்பாலும் காசுக்கு லிங்க் வாங்கிப் போடறது, 2012ல கூகுள் தேடல் முறையை மாத்தின பெங்குவின் அப்டேட் வந்தப்ப அப்படி லிங்க் வாங்கின சைட்டுங்க கூட்டமா கீழ விழுந்தது.

இப்ப அஃபிலியேட். என் சைட்டுல பெரிய வருமானம் இது தான். நாம சொன்ன பொருளோட லிங்க் வழியா ஒருத்தர் வாங்கினா நமக்கு ஒரு பங்கு, வாங்கறவருக்கு வெலை ஏறாது. அமேசான் இதை 1996லயே ஆரம்பிச்சிருச்சு. அதுல சேந்த முதல் 180 நாளைக்குள்ள மூணு விற்பனையாவது நடக்கணும், இல்லைன்னா அக்கவுண்ட்டை மூடிருவாங்க, அதனால சைட்டுல கொஞ்சமாவது ஆளு வர ஆரம்பிச்சப்புறம் சேருங்க. லிங்க்கை கிளிக் பண்ணி 24 மணி நேரத்துக்குள்ள வாங்கினா தான் நம்ம கணக்கு, கார்ட்ல போட்டுட்டா கெடு நீளும். இங்க தான் நான் முதல்ல சொன்ன விஷயம் பளிச்சுன்னு தெரியும், 24 மணி நேரத்துக்குள்ள வாங்கப் போற ஆளு எந்த மாதிரி கேள்வியோட வருவாருன்னு யோசிச்சா பக்கத்தோட தலைப்பு தானா வந்துரும்.

இந்த வழில எவ்ளோ தூரம் போக முடியும்ங்கிறதுக்கு வயர்கட்டர் ஒரு நல்ல உதாரணம். 2011ல பிரையன் லாம் ஆரம்பிச்சது, ஒரு பொருள் வகைக்கு இருக்கிறதுலயே எதை வாங்கலாம்னு சோதிச்சுப் பாத்து ஒண்ணை சொல்றது தான் வேலை, வருமானம் முக்கியமா அஃபிலியேட் லிங்க்ல. 2016ல நியூயார்க் டைம்ஸ் அதை சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கிச்சு. பத்து பொருளை வரிசையா போட்டு எல்லாமே நல்லா இருக்குன்னு எழுதற பக்கத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், இவங்க ஒண்ணைக் கையில எடுத்து இதை வாங்குன்னு சொல்றாங்க, எதை ஏன் வேணாம்னு விட்டோம்னும் சொல்றாங்க. படிக்கிறவர் நம்பறது அந்த வேணாம்கிற பகுதியை வச்சு தான்னு நான் நெனைக்கிறேன். என் கனமான துணி பக்கத்துலயும் பாதி எடம் எதை வாங்காதீங்கங்கிறதுக்கு தான், அதுல அதிகமா கமிஷன் குடுக்கிற மெஷினும் ஒண்ணு இருக்கு. நானே அதுல மூணு மடிப்பு ஜீன்ஸ் ஓட்டி பாத்தேன், மோட்டார் இழுக்கல, ஊசி துணிக்குள்ள நின்னுக்கிச்சு. அப்புறம் எப்படி அதை வாங்குங்கன்னு எழுதறது. லிங்க் வழியா வாங்கினா எனக்கு பங்கு வரும்னு பக்கத்தோட தலைலயே ஒரு வரி போட்டுருக்கேன், பல நாட்டுல அது சட்டப்படியே சொல்லியாகணும், ஆனா சட்டம் கேக்கலைன்னாலும் சொல்லிடறது தான் மரியாதை.

சொந்தமா ஏதாவது விக்கிறது மூணாவது வழி. அளவு எடுக்கிற சார்ட், பேட்டர்ன் பிடிஎஃப், இல்ல நேர்ல கத்துக்குடுக்கிற மாதிரி ஆன்லைன் கிளாஸ். ஒரே ஒருத்தர் வாங்கினாலும் ஆயிரக்கணக்கான பேஜ்வியூ விளம்பரத்துக்கு சமமா வரும், ஆனா காசு குடுத்தவங்களுக்கு பதில் சொல்ற வேலையும் சேந்தே வரும், அதுக்கு நேரம் இருக்கான்னு பாத்துக்கோங்க.

இதெல்லாம் சொல்லிட்டு ஒரு பயத்தையும் சொல்லணும். கூகுள் ஒரு வழியை மட்டும் நம்பின சைட்டுங்க எப்ப வேணாலும் ஆட்டம் காணும். 2011ல பாண்டா அப்டேட், 2022ல ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட், 2023 செப்டம்பர்ல அதோட அடுத்த சுத்து, ஒவ்வொண்ணுலயும் நல்லா எழுதின சின்ன சைட்டுங்களும் சேந்து அடிபட்டது. 2024 மே மாசத்துல இருந்து தேடினா மேலயே ஏஐ எழுதின சுருக்கமான பதில் வருது, ஒரு வரில முடியற கேள்விக்கு அப்புறம் யாரு நம்ம பக்கத்துக்குள்ள வருவாங்க. 14 நம்பர் ஊசி எதுக்குன்னு கேக்கிறவர் இனிமே வரமாட்டார்னு நான் ஏத்துக்கிட்டேன். மெஷினைத் தொட்டு, படம் எடுத்து, ஓட்டிப் பாத்து எழுதினதுக்கு இன்னும் வர்றாங்க.

அதனால ஈமெயில் லிஸ்ட் ஒண்ணை சைட் சின்னதா இருக்கும்போதே ஆரம்பிச்சுருங்க. கூகுள் நாளைக்கு என்ன மாத்தினாலும் அந்த லிஸ்ட் உங்ககிட்ட இருக்கும், வேற சர்வீஸுக்கு மாத்தினாலும் ஃபைலா எடுத்துக்கிட்டு போகலாம். மெயில் வேணாம்னு நெனைக்கிறவங்க ஒரே கிளிக்ல வெளிய போற மாதிரி வைங்க. நான் அனுப்பறது விளம்பரம் இல்ல, அந்த மாசம் யாராவது கேட்ட ஒரு கோளாறு, அது எப்படி சரியாச்சு, அவ்ளோதான், கீழ உங்க மெஷின்ல இப்ப என்ன பிரச்சனைன்னு ஒரு வரி. ஜனங்க என்ன தேடறாங்கன்னு காட்டறதுக்கு கீவேர்ட் டூல்னு இருக்கு, எனக்கு அந்த ஒரு வரிக்கு வர்ற பதில் தான் அது. போன மாசம், துணி ஓரம் பிரியாம பின்ற ஓவர்லாக் மெஷின்ல நாலு நூலையும் எந்த வரிசைல கோக்கணும்னு ஒரே வாரத்துல பல பேரு கேட்டிருந்தாங்க, அதுல நூலை வளைச்சுப் பின்ற கொக்கி மாதிரி ரெண்டு லூப்பர் இருக்கும், அடியில இருக்கிற லூப்பரை கடைசியில கோத்ததால தான் அவங்க எல்லாருக்கும் நூல் அறுந்துக்கிட்டே இருந்தது. மேல் லூப்பர் முதல்ல, அப்புறம் கீழ் லூப்பர், ஊசி ரெண்டும் கடைசில, இதான் பெரும்பாலான மெஷினுக்கு வரிசை. அதுக்கான படத்தை எடுத்து முடிச்சுட்டேன், இந்த வாரம் அந்தப் பக்கத்தை எழுதிட்டு இருக்கேன்.